கர்ப்பிணி பெல்ட், பக்கவாட்டுத் தோற்றம்

என் ஒடம்பு ஒரு கேட்லாக்ல அச்சாயிருக்குது. கழுத்துக்கு மேல கெடையாது, முழங்காலுக்குக் கீழ கெடையாது, நடுவுல மட்டும்தான். அந்த நடுவுல கட்டியிருக்கறது புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க வயித்தத் தாங்கறதுக்குக் கட்டிக்கற பெல்ட்டு. எனக்கோ கல்யாணமே ஆகல, வயசு நாப்பதத் தொட்டுக்கினு இருக்குது. இத எழுதும்போதே காது ரெண்டும் சுடுது. எழுதாம வெச்சிருந்தா இன்னும் சுடுது, அதான் எழுதித் தொலைக்கறேன்.

திருப்பதியில ஒரு சர்ஜிகல் சாமான் கம்பெனியில எனக்கு வேல. இடுப்பு பெல்ட்டு, கழுத்துப் பட்டை, கொடலெறக்கத்துக்குக் கட்டற பட்டை, வாக்கர், பெட்பேன்னு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் சரக்கு போடற கம்பெனி. நான் அதுங்களுக்கு கேட்லாக் செய்யறவ. படத்த வெட்டி, பேர் போட்டு, சைஸ் போட்டு, பக்கம் கட்டி பிரஸ்ஸுக்கு அனுப்பணும். வீடு சித்தூர்ல. நைனா போனப்புறம் நானும் அம்மாவும் மட்டும்தான். தெனம் பஸ்ல போயிட்டு பஸ்ல வருவேன், நின்னுகினே வந்து காலு வுட்டுப்போன நாள்ல பாகாலா வழியா ரயில்ல வருவேன். கேக்கறவங்களுக்கு 'பப்ளிஷிங்ல இருக்கேன்'னு சொல்லுவேன். பெட்பேன்னு சொன்னா மூஞ்சி சுளிப்பாங்க.

எங்க மொதலாளிக்கு ஒரு கிறுக்கு. சில பேரு பழைய காசு சேப்பாங்கல்ல, இவரு பழைய மருத்துவ கேட்லாக் சேக்கறாரு. மூடிப்போன மிஷன் ஆஸ்பத்திரி லைப்ரரியிலருந்து எடைக்குப் போட்டது, மெட்ராஸ்ல பழைய புஸ்தகக் கடையில பேரம் பேசி வாங்கினதுன்னு ஒரு பீரோ நெறைய வெச்சிருக்காரு. கரையான் துன்னது போக மிச்சம். மதியம் சோத்துக்கு அப்புறம் எனக்குக் கூப்டு கூப்டு காமிப்பாரு. மொதல்ல கொட்டாவி வந்தது. அப்புறம் எனக்கே அந்தக் கிறுக்கு ஒட்டிக்கிச்சு, பொய் சொல்லக்கூடாது.

அந்தக் காலத்துல டாக்டருங்க படிக்கற புஸ்தகத்துல பாடமெல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியில கத்தி, கத்திரி, ரம்பம் விக்கறவன் வெளம்பரத்தச் சேத்துத் தெச்சிருப்பான். கால் எடுக்கறது எப்படின்னு படிச்சி முடிச்ச கையோட ரம்பத்த வாங்கிடணும்ல. அப்புறம் அந்த வெளம்பரம் வளந்து வளந்து தனிப் புஸ்தகமாவே ஆயிடுச்சு, பாடப் புஸ்தகத்தவிட தடியா. வால் வளந்து நாயா ஆன கத. அதுல படமெல்லாம் மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சது. ஒரு ரம்பத்துப் பல்லு ஒவ்வொண்ணும் அவ்ளோ சுத்தமா இருக்கும். கொடலெறக்கப் பட்டை கட்டின வெள்ளக்காரன் மீசைய முறுக்கி, தல வாரி, மேடையேறப் போற மாப்புள மாதிரி நிப்பான். ஆம்பளைக்குத் தல உண்டு, மீசை உண்டு, சில பேருக்கு சிரிப்பு கூட உண்டு. புள்ளத்தாச்சிக்கு மட்டும் கழுத்தோட சரி. பீரோ பூரா தேடிப்பாத்துட்டேன், எந்தக் கம்பெனிக்காரனும் அந்தப் பொம்பளைக்கு ஒரு தல வெக்கல.

கட்டையில செதுக்கினவரைக்கும் யாரும் நெஜமா நிக்கத் தேவயில்ல. செதுக்கறவன் மனசுலருந்து செதுக்கிடுவான். போட்டோ வந்தப்புறம்தான் வம்பு, எவனாவது ஒருத்தன் வந்து நிக்கணும். டாக்டருங்க புஸ்தகத்துல நோயாளிங்க கண்ணு மேல ஒரு கறுப்புப் பட்டை ஒட்டி வெச்சாங்க, ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு. யாரு கண்டுபுடிச்சாங்களோ, அவங்களுக்குச் சொந்தக்காரங்களே இல்ல போலருக்குது. எங்க பெரியப்பாவுக்குக் கண்ண மட்டும் இல்ல, மூஞ்சியவே மூடினாலும் காதப் பாத்து சொல்லிடுவேன். இத மொதலாளிகிட்டயும் சொல்லி சிரிச்சிருக்கேன். சிரிச்ச வாயிக்கு நல்லா கெடச்சது.

போன வருஷம் கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய கேட்லாக் போடலாம்னாரு. எடது பக்கத்துல பழைய கேட்லாக் படம், வலது பக்கத்துல அதே மாதிரி நின்னு எடுத்த நம்ம சரக்கு போட்டோ. மருத்துவக் கேட்லாக்கோட சரித்திரத்தையே ஒரு புஸ்தகத்துல காட்டிடலாம்னு அவருக்கு ஆச. எனக்கும்தான். நான் பண்ணினதுலயே நல்ல வேல அதுதான்னு இப்பவும் சொல்லுவேன், அந்த ஒரு பக்கத்தத் தவிர.

அந்தப் பக்கத்துக்கு நிக்க வேண்டிய மாடல் பொண்ணு மெட்ராஸ்லருந்து வரல. ஜொரமாம். போட்டோக்காரரு கல்யாண போட்டோ எடுக்கறவரு, சாயந்திரம் திருச்சானூர்ல ஒரு ரிசப்ஷனுக்குப் போவணும்னு மணிய மணிய பாக்கறாரு. நெஜமா புள்ளத்தாச்சியா இருக்கற ஒரு பொண்ண நிக்க வெக்கலாம்னா மொதலாளியம்மா வுடல, ஊரு கண்ணே படும்னுட்டாங்க. எங்க ஆபீஸ் வாசல்ல போன் எடுக்க ஒக்காந்திருக்கற பொண்ணுக்குக் கல்யாணமாயி புள்ள இல்ல, பொய் வயிறு கட்டினா மாமியா உயிரோட வுட மாட்டா. எல்லாரும் சுத்தி சுத்தி வந்து என் மேல கண்ண வெச்சாங்க. "நீங்க கிறிஸ்டியன்ஸ், உங்களுக்கு இந்த சகுனமெல்லாம் இல்லல்லம்மா?"ன்னாரு மொதலாளி. இல்லவே இல்லன்னு தல ஆட்டினேன். எனக்கு மாமியாளும் இல்ல, கேக்க ஒரு ஆளும் இல்ல. அதுக்கு எனக்கு அன்னைக்கே கோவம் வந்திருக்கணும்.

"ஃபேஸ் கனபடதம்மா, மெட வரகே"ன்னு தெலுங்குல சத்தியம் பண்ணாரு. மொகம் தெரியாதாம், கழுத்து வரைக்கும்தானாம். குடோன்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரித் தலகாணி எடுத்து, கிரேப் பேண்டேஜ் சுத்தி வயித்துல கட்டிக்கினு, மேல நைட்டி போட்டு, அதுக்கு மேல பெல்ட்டு. பழைய படத்துல இருக்கறவ மாதிரியே பக்கவாட்டுல, முதுகு கொஞ்சம் தெரியறாப்பல நின்னேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல என் தலைய நானே வெட்டினேன். சுத்தமா வெட்டினேன்.

இதுல ஒண்ணு யோசிக்காம வுட்டுட்டேன். நான் எங்க சபையில ஆர்கன் வாசிக்கறவ. பள்ளிக்கூடம் முடிச்சதுலருந்து வாசிக்கறேன். சித்தூர்ல பழைய மிஷன் சபை அது, ஞாயித்துக்கெழம காலையில தமிழ் ஆராதனை, அதுக்கப்புறம் தெலுங்கு ஆராதனை. ஆர்கன் ஓரமா, ஆல்டருக்குப் பக்கத்துல இருக்குது. நான் ஒக்காந்தா சபைக்குப் பக்கவாட்டு, கொஞ்சம் முதுகு. பிரசங்கம் சலிச்சா ஜனம் எங்க பாக்கும்? என்னத்தான் பாக்கும். என் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாதி பேருக்கு ஞாபகம் இருக்காது. என் தோளு சரிஞ்சிருக்கறது, சடை நுனி எங்க முடியுது, கழுத்துக்குப் பின்னால மச்சம், இதெல்லாம் கொழந்தைங்களுக்குக் கூட மனப்பாடம். கடவுள் வேற யாரையாவது அந்த கோணத்துல படச்சிருக்கலாம்.

கேட்லாக் வந்தது, வாட்ஸ்அப்லயும் போச்சு, சித்தூர் மருந்துக்கடைங்கள்ல கவுண்டர் மேல கெடந்தது. ஒரு ஞாயித்துக்கெழம பாட்டுப் புஸ்தகக் கட்ட நான் தூக்கப் போனேன். "அய்யோ, நீ இன்னாத்துக்குத் தூக்கற, வெய்யி கீழ"ன்னு ஒரு ஆன்ட்டி ஓடி வந்து புடுங்கினாங்க. நல்ல மனசுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் என் ஸ்டூலுக்கு யாரோ மெத்த போட்டு வெச்சிருந்தாங்க. பொம்பளைங்க 'தோத்திரம்'னு கும்புடும்போது கண்ணு என் மூஞ்சிக்கு வராம கீழயே நின்னுது. நானும் மாங்கா சீசன்ல கொஞ்சம் தின்னுட்டேன், வயிறு போட்டிருக்குதோன்னு புடவையத் தூக்கிக் கட்டினேன். அது இன்னும் மோசமாயிடுச்சுன்னு அப்புறம் புரிஞ்சது.

அப்புறம் ஒரு செவ்வாக்கெழம சாயந்திரம், நான் வேலையிலருந்து வந்து மூஞ்சி கழுவிக்கினு இருக்கேன், பொம்பளைங்க சங்கத்துக்காரங்க கும்பலா வந்துட்டாங்க. முன்னால ஐயரம்மா. எங்க சபையில பாதிரியார ஐயர்னுதான் கூப்புடுவோம், அவரு சம்சாரம் ஐயரம்மா. கூடவே ரிட்டயர்டு நர்ஸ் ஆன்ட்டி, இப்பவும் ஒரு லேடி டாக்டர் கிளினிக்ல பாதி நேரம் ஒக்காந்திருக்கறவங்க. கையில மாதுளம்பழம், பேரீச்சம்பழம். "சும்மா, வீட்டு ஜெபத்துக்கு வந்தோம்"னாங்க.

எங்க ஆளுங்கள்ல யாரும் உன் மூஞ்சிக்கு நேரா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆண்டவர்கிட்ட சொல்லுவாங்க, நீ பக்கத்துல மண்டி போட்டுக்கினு கேட்டுக்கணும். ஜெபத்துக்கு நடுவுல பதில் சொல்ல முடியுமா? உங்கிட்ட பேசலியே அவங்க.

ஐயரம்மா ஆரம்பிச்சாங்க. "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வீட்டுக்காக உம்மைத் துதிக்கிறோம். இந்த மகளுடைய நிலைமையை நீர் அறிவீர். மறைவானவைகளை நீர் அறிகிறவர்." எந்த நிலைமைன்னு நான் முழிச்சேன். வேல போவப் போவுதோ, கம்பெனியில ஏதாவது இவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சோன்னு மனசு அடிச்சுக்குது. "மனுஷர் கல்லெறிய நினைத்தாலும் நீர் எறியவில்லையே ஆண்டவரே. கர்ப்பத்தின் கனி உம்மால் கிடைக்கும் பலன் அல்லவா." அங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. அதுக்குள்ள நர்ஸ் ஆன்ட்டி புடிச்சிக்கிட்டாங்க. "இந்த வயசுல பி.பி., சுகர் எதுவும் வராமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே. டாக்டரம்மா மேஜ மேல அந்தப் படத்த நான் பாத்தப்ப எவ்வளவு கலங்கினேன்னு உமக்குத் தெரியும். பெல்ட்டு கட்டற அளவுக்கு வலி இருக்குதே, அந்த வலிய மாத்தும் ஆண்டவரே."

தரை பொளந்து என்ன முழுங்கிடாதான்னு நெனச்சேன். மானம் போச்சு, அதுவும் ஆமென் போட்டுப் போச்சு. பக்கத்துல அம்மா மண்டி போட்டு, தலையில முக்காடு இழுத்துக்கினு இருக்கா. அவளப் பாக்க எனக்கு தைரியமில்ல. நைனா செத்தப்ப கூட சபையில தலையக் குனியாதவ அவ. ஞாயித்துக்கெழமன்னா கஞ்சி போட்ட புடவையில முன் பெஞ்சுல ஒக்காருவா, 'ஆர்கன் வாசிக்கறது எம் பொண்ணு'ன்னு ஊர்லருந்து வர்ற பிரசங்கியாருக்கெல்லாம் அவளே போயி சொல்லுவா. அந்த பெஞ்சுல இனிமே எப்படி ஒக்காருவா? அதவிட, இத அவ நம்பறாளா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்.

எழுந்ததும் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். "ஆன்ட்டி, அது வந்து..." ஐயரம்மா வெரல என் ஒதட்டு மேல வெச்சிட்டாங்க. "ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. அவருக்குத் தெரியும்." மாதுளம்பழத்த என் மடியில வெச்சிட்டு, அம்மாவக் கட்டிப்புடிச்சி முத்தம் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நல்லவங்கதான், அது வேற கொடும. திட்டினா திருப்பித் திட்டலாம்.

அம்மா டம்ளருங்களக் கழுவினா. ஒண்ணும் கேக்கல. நானும் வீம்பா இருந்தேன். பெத்தவளுக்கே எம்மேல நம்பிக்க இல்லன்னா நான் இன்னாத்துக்கு வெளக்கம் சொல்லணும்னு கோவம். மறுநாள் காலையில எனக்கு ரெண்டு முட்ட. தண்ணி கேன நான் தூக்கப் போனா, "வுடு, நான் தூக்கிக்கறேன்"னா. மூட்டு வலிக்காரி அவ. பஸ் வேணாம், ஆட்டம் குடுக்கும், ரயில்லயே போன்னா. நான் கதவ அடிச்சி சாத்திட்டுப் போனேன். வழியெல்லாம் எனக்கு அழுகையா வருது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு ஒக்காந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில, சாம்பாருக்கு முருங்கக்கா நறுக்கிக்கினு இருந்தவ, கத்திய கீழ வெச்சிட்டுக் கேட்டா.

"எந்த மாசம் பாப்பா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே மேல பேசினா.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன். வந்தா வரட்டும், வராங்காட்டி போட்டும்"னா. "நான் எல்லாம் யோசிச்சிட்டேன். திருப்பதியிலயே ஒரு வீடு பாத்துக்கலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்? உனக்கும் வேல பக்கத்துல. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, கொழந்தைய நான் பாத்துக்கறேன். இந்த மூட்டு வலி ஒண்ணும் பண்ணாது. கொழந்த இருந்தா அதுவே ஓட வெச்சிடும்."

அவ மூஞ்சியப் பாத்தேன். அழுத மூஞ்சியா இருக்கும்னு நெனச்சேன். கன்னமெல்லாம் செவந்து, கண்ணு பளபளன்னு, வயசே கொறஞ்சாப்பல இருக்கா. ஊருக்குப் போவ பொட்டி கட்டி வெச்சிட்டு வண்டி எப்ப வரும்னு ஒக்காந்திருக்கற கொழந்த மாதிரி. சபை, முன் பெஞ்சு, கஞ்சி போட்ட புடவ, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு என்னோட வர ரெடியா ஒக்காந்திருக்கா அவ.

அப்ப நான் கொஞ்சம் பதமா சொல்லியிருக்கணும். எனக்கு வாய் எங்க அடங்குது? "அம்மா, அது தலகாணிம்மா! மாடல் வரலன்னு என்ன நிக்க வெச்சாங்க, கம்பெனி கேட்லாக்குக்கு! உனக்கெல்லாம் அறிவே இல்லியா, ஐயரம்மாதான் ஒளறுதுன்னா நீயுமா?"ன்னு கத்திட்டேன். பையிலருந்து கேட்லாக்க எடுத்து அவ முன்னால தரையில போட்டேன். அதுவே அந்தப் பக்கத்துல தொறந்துக்கிச்சு. எடது பக்கம் கட்டையில செதுக்கின தலயில்லாத வெள்ளக்காரி, வலது பக்கம் தலயில்லாத நான்.

"தலகாணியா?"ன்னா.

"தலகாணிதான்."

"நெஜமா?"

"அட, நெஜமாம்மா. வேணும்னா குடோன்ல போயி பாரு, இன்னும் அங்கதான் கெடக்குது."

முருங்கக்காய எடுத்தா, நறுக்காம கீழ வெச்சா. "சரி வுடு. நல்லதாப் போச்சு"ன்னா. எனக்கு வந்த வரனெல்லாம் ஒவ்வொண்ணா தட்டிப் போனப்ப எந்தக் கொரல்ல நல்லதாப் போச்சுன்னு சொன்னாளோ, அதே கொரலு. அந்த மூஞ்சியிலருந்து செவப்பு எறங்கறத நான் பாத்துக்கினே இருந்தேன். சபை பூரா என்ன தப்பா நெனச்சப்ப எனக்கு இருந்த வெக்கம் ஒரு பக்கம். எங்கிட்ட தப்பு கூட ஒண்ணும் இல்லன்னு அவ தெரிஞ்சிக்கிட்டப்ப வந்த வெக்கத்துக்கு முன்னால அது தூசி. ஒரு பெரிய பொண்ணு, வயித்துல ஒண்ணும் இல்லாததுக்குப் பெத்தவகிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி நின்னேன்.

"ஐயரம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் கவலப்படாத"ன்னா. அப்புறம் மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கினு கேட்லாக்க மடியில எடுத்து வெச்சிக்கிட்டா. ரொம்ப நேரம் பாத்தா. எடது பக்கம் இருக்கறவ கைய முதுகுக்குப் பின்னால கட்டியிருந்தா. நான் கட்டல. என் கை ரெண்டும் வயித்துக்கு அடியில, அத ஏந்திக்கினு இருக்குது. அம்மா வெரலு அந்தக் கைங்க மேல வந்து நின்னுது.

"கைய இப்படி வெக்கச் சொன்னது யாரு?"

"போட்டோக்காரருதான்"னேன்.

"ம்"னா. "நல்லா எடுத்திருக்காரு."

நெறைய படம் எடுத்தாரு அவரு. அதுலருந்து இத பொறுக்கிப் பக்கத்துல போட்டது நான்தான். கைய அப்படி வெக்கச் சொல்லி அவரு ஒரு வார்த்த சொல்லல. 'கைய எடுங்கம்மா, பெல்ட்ட மறைக்குது, கைய எடுங்க'ன்னுதான் சொல்லிக்கினே இருந்தாரு.